கழுதை காரணமாகுமா?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள் நெருங்கினால், இஸ்ரோ விஞ்ஞானிகள் சிலர் அந்த ராக்கெட்டின் சின்ன மாதிரியோடு திருமலை ஏறுவார்கள். ஏழுமலையான் சந்நிதியில் அதை வைத்துக் கும்பிடுவது நெடுநாள் வழக்கம். சூலூர்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்கும் ஒரு நடை உண்டு. மறுநாள் பத்திரிகையில் படம் வந்ததும் ஊர் இரண்டுபடும். ராக்கெட் விடுகிறவர்களுக்குப் பூஜை எதற்கு என்று ஒரு கட்சி கேட்கும். அவர்கள் கும்பிட்டால் உமக்கு எங்கே வலிக்கிறது என்று இன்னொரு கட்சி கேட்கும்.

கணக்குப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் சாட்சி கிடைக்கிறது. 2023 ஜூலையில் சந்திரயான்-3 மாதிரி திருமலைக்குப் போனது. ஆகஸ்ட் 23 அன்று அதன் லேண்டர் விக்ரம் நிலவில் இறங்கியது. 2025 மே மாதம் பி.எஸ்.எல்.வி.-சி61 புறப்படுவதற்கு முன்பும் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் திருமலையில் வழிபட்டார். மே 18 அதிகாலை கிளம்பிய அந்த ராக்கெட், மூன்றாம் கட்டத்தில் கோளாறாகி, இ.ஓ.எஸ்.-09 செயற்கைக்கோளைப் பறிகொடுத்தது.

வழக்கு புதிதல்ல. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கிட்டத்தட்ட இதே வடிவில் எடுத்து வாதாடியவர் ஒருவர் உண்டு. அவரும் திருமலைப் பக்கத்துக்காரர்தான்.

அன்னம்பட்டர் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். சித்தூர் மாவட்டத்திலிருந்து காசிக்குப் போய்க் குடியேறிய தெலுங்கர் என்று அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். அப்பா பெயரே திருமலை. காசிக்குப் போனவனெல்லாம் அன்னம்பட்டனாகிவிட முடியாது என்று சமஸ்கிருதத்தில் ஒரு சொலவடை உருவாகும் அளவுக்குப் பேர் எடுத்தார். அவர் எழுதிய ‘தர்க்கசங்கிரகம்’ கையடக்கமான நூல். நியாயம், வைசேஷிகம் என்ற இரு தத்துவ மரபுகளைப் படிக்கப் புகுகிறவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் பாலபாடம். அதற்கு அவரே ‘தீபிகை’ என்ற உரையையும் எழுதினார்.

தீபிகை தொடங்குவதே ஒரு சண்டையில். நூலின் தொடக்கத்தில் கடவுள் வணக்கம் எதற்கு? நூல் இடையூறில்லாமல் முடிவதற்கு. உடனே எதிராளி எழுந்திருக்கிறான். வணக்கம் சொல்லித் தொடங்கிய நூல் பாதியில் நின்றதுண்டு, சொல்லாமல் தொடங்கியது நல்லபடியாக முடிந்ததுண்டு, அப்படியிருக்க வணக்கம் முடிவுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வீர் என்று கேட்கிறான். இதைவிடக் கூர்மையாக எந்தப் பகுத்தறிவாளரும் கேட்டுவிட முடியாது. அன்னம்பட்டர் இரண்டு பதில் சொல்கிறார். பாதியில் நின்ற நூலுக்கு இடையூறுகள் மிகுதி. வணக்கமில்லாமல் முடிந்த நூலின் ஆசிரியர், வணக்கத்தை ஏட்டில் எழுதாமல் வெளியே செய்திருப்பார்.

படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் உதட்டோரம் சிரிப்பு வரும். ஜெயித்தால் வணங்கியதால், தோற்றால் இடையூறு மிகுந்ததால் என்பது எப்போதும் தோற்காத பதில். ஆனால் அன்னம்பட்டருக்கு நியாயம் செய்ய வேண்டும். வணக்கத்தின் பலனை அவர் பார்த்து எண்ணித் தீர்மானிக்கவில்லை. சான்றோர் விடாமல் செய்து வருவதால் அதற்கு ஒரு வேதவாக்கு இருந்தாக வேண்டும் என்று ஊகித்து அதன்மேல் நிற்கிறார். எதன்மேல் நிற்கிறோம் என்பதை மறைக்கவும் இல்லை. அதே நூலில் பானை, துணி, புகை என்று உலகக் காரியங்களுக்குக் காரணம் தேடும்போது அவர் எடுக்கும் அளவுகோல் வேறு. அதில் ஈவிரக்கம் கிடையாது.

அந்த அளவுகோலை, அன்னம்பட்டர் பெயரே கேள்விப்படாமல், தினமும் கையில் எடுக்கிற ஒரு கூட்டம் உண்டு. கெர்னல் மாட்யூல் எழுதுகிறவர்கள்.

கம்ப்யூட்டரில் ஓடும் சாதாரண புரோகிராம் தப்புச் செய்தால் அது மட்டும் சாகும். பிரவுசர் விழுந்தால் மறுபடி திறந்துகொள்ளலாம். கெர்னல் விஷயம் அப்படியல்ல. நினைவகம், டிஸ்க், நெட்வொர்க், எந்தப் புரோகிராமுக்கு எப்போது பிராசஸர் என்ற பங்கீடு எல்லாம் அதன் பொறுப்பு. லினக்ஸில் ஒரு புதிய கருவிக்காக எழுதும் டிரைவர், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள்ளேயே மாட்யூலாகப் போய்ச் சேரும். போனபின் அதற்கும் மற்றப் பகுதிகளுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரே முகவரிப் பரப்பு, ஒரே அதிகாரம். மாட்யூலில் ஒரு பாயின்டர், அதாவது நினைவக முகவரியைக் காட்டும் மாறி, பிசகினால் முழு இயந்திரமும் படுத்துவிடலாம்.

படுக்கும்போது கெர்னல் ஒரு மரண வாக்குமூலம் எழுதும். லினக்ஸ்காரர்கள் அதை ‘ஊப்ஸ்’ என்பார்கள். எந்த முகவரியைத் தொடப்போய் அடிபட்டது, எந்த ஃபங்ஷனின் எத்தனையாவது பைட்டில் நின்றது, அப்போது ரெஜிஸ்டர்களில் என்ன இருந்தது, யார் யாரை அழைத்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்ற ‘கால் டிரேஸ்’ எல்லாம் அதில் இருக்கும்.

புதிதாக வேலைக்கு வந்தவர் ஃபங்ஷன் பெயரைப் பார்த்ததும் ஆள் சிக்கிவிட்டான் என்று அங்கேயே ஒரு ‘இஃப்’ போட்டு அடைப்பார். பழகியவர் முதலில் முகவரியைப் பார்ப்பார். அது முழுக்கப் பூஜ்யமாக இருந்து கடைசியில் மட்டும் 18 என்று முடிந்தால், பதினாறடிமானத்தில் அது 24. ஒரு ஸ்ட்ரக்சரின் தொடக்கத்தைக் காட்ட வேண்டிய பாயின்டர் காலி. அதன் 24ஆம் பைட்டில் இருக்க வேண்டிய உறுப்பைத் தொடப்போய் விழுந்திருக்கிறது. ‘6பி 6பி 6பி 6பி’ என்று ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் கதையே வேறு. பிழை தேடும் வசதியோடு கட்டிய கெர்னல், விடுவித்த நினைவகத்தை 6பி என்ற எண்ணால் நிரப்பிவைக்கும். ஆக, யாரோ விடுவித்துவிட்ட இடத்தை வேறு யாரோ இன்னும் தன்னுடையது என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள். விழுந்த ஃபங்ஷன் ஏமாந்தது, அவ்வளவுதான். தப்புச் செய்தது எப்போதோ வேலை முடித்துக்கொண்டு போய்விட்டது. கால் டிரேஸில் அதன் பெயரே இருக்காது.

2015இல் லினக்ஸ் 4.0 பதிப்போடு வந்த ‘கேசான்’ என்ற வசதி இந்தச் சிக்கலுக்காகவே இருக்கிறது. அதன் அறிக்கையில் மூன்று பட்டியல்கள் வரும். இந்த நினைவகத்தைக் கேட்டு வாங்கியது யார், விடுவித்தது யார், விடுவித்தபின் தொட்டது யார். செத்த இடமும் சாவின் காரணமும் வேறுவேறு என்பதை இவ்வளவு பச்சையாகச் சொல்லும் காகிதம் தத்துவ நூல்களிலும் அபூர்வம்.

இனி அன்னம்பட்டரின் அளவுகோலுக்கு வரலாம். ஒன்றைக் காரணம் என்று சொல்ல அவர் வைக்கும் நிபந்தனைகள் இவை. அது காரியத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். ஏதோ ஒரு முறை இருந்தால் போதாது, தவறாமல் இருக்க வேண்டும். இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்ததாகவும் இருக்கக் கூடாது.

நியாய பாடத்தில் இதற்கு ஒரு கழுதை உண்டு. குயவன் பானை செய்தபோது கழுதை முற்றத்தில் நின்றது; மண்ணைச் சுமந்து வந்ததும் அதுதான். ஆனால் கழுதை இல்லாத முற்றத்திலும் பானை பிறக்கிறது, ஆகவே அது காரணமல்ல. நூலின் நிறம் இன்னும் நுட்பமான வழக்கு. துணி நெய்யும்போதெல்லாம் நூலுக்கு ஒரு நிறம் இருந்தே தீரும், ஒருமுறைகூடத் தவறாது. ஆனாலும் துணிக்குக் காரணம் நூல்; நிறம் நூலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எப்போதும் கூடவே இருக்கிறது என்பதால் மட்டும் ஒன்று காரணமாகிவிடாது என்பது இங்கே கிடைக்கும் பாடம்.

கெர்னல் உலகத்தில் கழுதைகளுக்குப் பஞ்சமில்லை. மூலக் கெர்னலோடு சேராத வெளி மாட்யூலை ஏற்றினால், கெர்னல் தன்னை ‘டெயின்டட்’ என்று குறித்துக்கொள்ளும். அந்த முத்திரை ஊப்ஸிலும் வரும். பிறகு எது நடந்தாலும் வந்தேறி மாட்யூல்மேல்தான் பழி. பல சமயம் அது சரி. சில சமயம் அந்த மாட்யூல் சும்மா நின்ற கழுதை. அது தெரிய வேண்டுமானால் ஒரே வழிதான். மாட்யூலைக் கழற்றிவிட்டு, அதே வேலையை அதே பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். அது இருக்கும்போது விழுகிறதா, இல்லாதபோது விழாமல் இருக்கிறதா? நியாயத்தில் இதற்கு அன்வயம், வியதிரேகம் என்று பெயர். பழைய பதிப்புகளைப் பாதிபாதியாக வெட்டிக்கொண்டு போய், கோளாறு எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று காட்டும் ‘கிட் பைசெக்ட்’ செய்வதும் இதையேதான்.

ஆனால் பைசெக்ட் காட்டும் மாற்றமே குற்றவாளி என்று நம்புவதும் ஆபத்து. அந்த மாற்றம் வெறுமனே ஓட்டத்தின் நேரத்தைக் கொஞ்சம் நகர்த்தி, பத்தாண்டுகளாகத் தூங்கிய ஒரு பிழையை எழுப்பிவிட்டிருக்கலாம்.

இங்கேதான் ஈர விறகு உதவிக்கு வருகிறது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும். இது பலருக்கும் தெரிந்த நியாய வாக்கியம். தலைகீழாகச் சொன்னால் பொய்யாகிவிடும். நெருப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் புகை இருக்காது. பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டில் புகை எங்கே? நெருப்போடு ஈர விறகும் சேர வேண்டும். இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். கெர்னல் கிராஷ்களில் மிகக் கொடியவை இந்த ரகம்தான். ஒரு பிராசஸர் ஒரு பட்டியலிலிருந்து உறுப்பை எடுக்கும் அதே கணத்தில், இன்னொரு பிராசஸர் அதையே படிக்க வேண்டும். நடுவில் போட்டிருக்க வேண்டிய பூட்டு இல்லை. பிழை எப்போதும் இருக்கிறது. புகை மட்டும் வருவதில்லை. எழுதியவரின் லேப்டாப்பில் ஒருநாளும் விழாது. பாரம் கூடிய சர்வரில், பத்து நாளுக்கு ஒருமுறை, நள்ளிரவில் விழும்.

என்ன நடக்கிறது என்று பார்க்க நடுவில், செய்தி அச்சிடும் ‘பிரின்ட்கே’ வரி ஒன்று போடுவார்கள். கிராஷ் நின்றுவிடும். வரியை எடுத்தால் திரும்ப வரும். அன்வயமும் வியதிரேகமும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அதற்காகப் பிரின்ட்கே இல்லாததுதான் கிராஷுக்குக் காரணம் என்று சொல்ல முடியுமா? அந்த வரி எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு பிராசஸர்களின் ஓட்டம் விலகிப்போனது. விறகு காய்ந்தது, நெருப்பு அப்படியே இருக்கிறது. பார்க்கப் போனால் மறைந்துகொள்ளும் இந்த வகைப் பிழைக்கு ‘ஹைசன்பக்’ என்ற பெயரை ஜிம் கிரே 1985இல் எழுதிய கட்டுரை பரப்பியது. அந்தப் பிரின்ட்கே வரியை அப்படியே விட்டு வேலை முடிந்தது என்று அனுப்பிவிடும் அணிகள் உண்டு. வணக்கம் வேலை செய்கிறது என்று நம்புகிறவருக்கும் இவர்களுக்கும் ஒரே வித்தியாசம், முன்னவர் அதை நம்பிக்கை என்று ஒப்புக்கொள்கிறார்.

அடுத்த கேள்வி இன்னும் பழையது. பானை மண்ணில் முன்பே இருந்ததா, புதிதாகப் பிறந்ததா? காரியம் காரணத்துக்குள் முன்பே உண்டு என்பது சாங்கியரின் சற்காரியவாதம். சைவ சித்தாந்தமும் ராமாநுஜர் மரபும் தத்தம் வழியில் அதை ஏற்கின்றன. இல்லை, காரியம் புதிதாகத் தோன்றுவதே என்பது நையாயிகர், அதாவது நியாய மரபினர், கட்சி. அன்னம்பட்டர் இந்தப் பக்கம்.

2024 ஜூலை 19 அன்று உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றபோது இந்த விவாதத்துக்குப் புது உதாரணம் கிடைத்தது. இந்திய விமான நிலையங்களில்கூடப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விழுந்தது கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் கெர்னல் டிரைவர். அதன் ஒரு பகுதி 21 உள்ளீடுகள் வரும் என்று வரையறுத்திருந்தது. அவற்றைத் தரவேண்டிய நிரல் 20தான் தந்தது. 2024 பிப்ரவரியிலிருந்தே இந்த ஓட்டை உள்ளே இருந்தது. ஆனால் 21ஆம் உள்ளீட்டை யாரும் உண்மையாகப் பார்க்கவில்லை. எது வந்தாலும் சரி என்ற குறியே அந்த இடத்தில் இருந்தது. சோதனையும் அப்படியே நடந்து தேறியது. ஜூலை 19 அன்று வந்த புதிய கோப்புதான் முதல் தடவையாக 21ஐப் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தைப் படிக்கப்போய் டிரைவர் விழுந்தது, டிரைவரோடு இயந்திரமும். கோப்பைத் திரும்பப் பெற 78 நிமிடம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கிராஷ் பிப்ரவரியிலேயே இருந்ததா, ஜூலையில் பிறந்ததா? சோதனைப் பிரிவில் இருப்பவர் சற்காரியவாதியாக இருப்பது நல்லது. விழாத நாளிலும் விழுதல் உள்ளே இருக்கிறது என்று நினைத்தால்தான் அவர் தேடுவார். இயந்திரங்களைப் பராமரிப்பவருக்கோ நையாயிகர் கட்சி பொருந்தும்; அன்று காலை புதிதாக என்ன வந்து சேர்ந்தது என்று கேட்டு அதை நிறுத்தினால்தான் ஊர் நடக்கும். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இதில் திகைப்பிருக்காது. மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இங்கே டிரைவருக்குள் இருந்த 20க்கும் 21க்குமான பொருத்தமின்மை முதல். அந்தக் கோப்பு துணை. ஒரே நேரத்தில் எல்லாருக்கும் அனுப்பலாம் என்று முடிவெடுத்த மனிதர்கள் நிமித்தம். ஒன்றைச் சொல்லி மற்ற இரண்டை மறைக்கும் அறிக்கை அரைகுறை அறிக்கை.

திருப்பதி மாவட்டத்துக்கே சொந்தமான வழக்கும் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது ஸ்ரீஹரிகோட்டா நெல்லூரிலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, எஸ்.எஸ்.எல்.வி.-டி1 அங்கிருந்து கிளம்பியது. திட எரிபொருள் கட்டங்கள் மூன்றும் சரியாக எரிந்தன. ஆனாலும் 356 கிலோமீட்டர் வட்டப்பாதையில் சேர வேண்டிய இரண்டு செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் பூமிக்கு 76 கிலோமீட்டர் வரை தாழும் நீள்வட்டத்தில் போய்ச் சேர்ந்து, பயனில்லாமல் போயின. அதில் ஒன்று, நாடெங்கும் 750 அரசுப் பள்ளி மாணவிகளின் உழைப்பில் உருவான ஆசாதிசாட்.

நடந்தது இதுதான். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எதிர்பார்த்ததைவிடப் பலமான அதிர்வு. அந்தச் சில கணங்கள் முடுக்கமானிகளின் அளவு உச்சத்தை முட்டி நின்றது. கோளாறு கண்டுபிடிக்கும் மென்பொருள் அதைப் பார்த்து, முடுக்கமானிகள் கெட்டுவிட்டன என்று தீர்ப்பெழுதி, அவற்றை ஒதுக்கிவிட்டு மீட்பு வழிக்கு மாறியது. கெட்டுப்போனது முடுக்கமானி அல்ல. அதைக் கெட்டது என்று அனுமானித்த தர்க்கம்.

தர்க்கசங்கிரகத்தில் போலி ஏதுக்கள் ஐந்து வகை. முதலாவது, சாத்தியம் (அதாவது நிறுவ வந்த பொருள்) இல்லாத இடத்திலும் தென்படுகிற ஏது, சவ்யபிசாரம் என்பார்கள். கெட்ட கருவியின் அளவு உச்சத்தில் நிற்கும். நல்ல கருவியும் பலமாகக் குலுக்கினால் உச்சத்தில் நிற்கும். ஆகவே உச்சத்தில் நிற்பதை வைத்துக் கெட்டது என்று முடிவுகட்ட முடியாது. இஸ்ரோ விசாரித்தது, முடிவை வெளியிட்டது, கட்டம் பிரிக்கும் அமைப்பையும் கோளாறு கண்டுபிடிக்கும் தர்க்கத்தையும் மாற்றியது. 2023 பிப்ரவரி 10 அன்று டி2 குறித்த பாதையில் போய்ச் சேர்ந்தது.

இப்போது முதல் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லலாம். நையாயிகர்கள் நாத்திகர்கள் அல்லர். ஈசுவரன் உண்டென்று நிறுவப் பக்கம் பக்கமாக வாதாடியவர்கள். அவர்கள் கணக்கில் ஈசுவரன், அவன் அறிவு, காலம், திசை, ஊழ் போன்றவை எல்லாக் காரியங்களுக்கும் பொதுவான காரணங்கள். பானைக்கும் அவனே காரணம், பானை உடைந்ததற்கும் அவனே காரணம். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதாலேயே, இந்தப் பானை ஏன் உடைந்தது என்ற கேள்விக்கு அந்தப் பதில் உதவாது. அதற்குத் தனிக்காரணம் வேண்டும். அதைத் தேடும் பொறுப்பு ஆத்திகருக்கும் உண்டு.

ஆகவே திருமலை ஏறுகிறவரைத் தடுக்க அன்னம்பட்டரின் தர்க்கத்தில் இடமில்லை. சி61 விழுந்தது அந்த வழிபாட்டால்தான் என்று கிண்டலடிக்கவும் இடமில்லை. வழிபட்டும் வென்றிருக்கிறார்கள், வழிபட்டும் தோற்றிருக்கிறார்கள். விசாரணை அறிக்கையில் ‘காரணம்’ என்ற இடத்தில் ஆண்டவன் சித்தம், நேரம் சரியில்லை, இடையூறு மிகுதி என்று எழுத மட்டும் அந்தத் தர்க்கம் அனுமதிக்காது. ஹார்டுவேர் சரியில்லை, திரும்ப வரவில்லை, ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது என்று கிராஷ் கோப்பை மூடும் பொறியாளருக்கும் இதே தீர்ப்புத்தான்.

திருப்பதி நகரில் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் நியாயத்துக்குத் தனித் துறை உண்டு. அதே மாவட்டத்தில், ஏர்ப்பேட்டில், 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி. இருக்கிறது. தர்க்கசங்கிரகத்தில் காரணம் பற்றிய பகுதி சில பக்கங்கள்தான். ஓர் ஊப்ஸ் அச்சிட்டால் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து, இரு வளாகத்து மாணவர்களையும் ஒரு பருவம் சேர்ந்து படிக்கவிட வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. இரு பக்கத்திலும் ஆளுக்கொரு பேராசிரியர் முன்வந்தால் போதும்.